யூனிலேட்டரல்: பொருளும் பயன்பாடும், படிப்படியாக

படி 1: ‘யூனிலேட்டரல்’ (unilateral) என்ற ஆங்கிலச் சொல்லைப் பிரியுங்கள். லத்தீனில் ‘ஊனுஸ்’ என்றால் ஒன்று, ‘லாட்டுஸ்’ என்றால் பக்கம். ஆக, ஒரு பக்கம் மட்டும். உச்சரிக்கும்போது ‘லே’யை அழுத்துங்கள்.

படி 2: மறுதரப்பைத் தேடுங்கள். இந்தப் படி பிடிபட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. நாளை முதல் ஐந்து மணிக்கு எழுவது என்று ஒருவர் முடிவெடுத்தால் அது யூனிலேட்டரல் அல்ல. அவர் சொந்த விஷயம். கூட்டாகத் தொழில் செய்யும் இருவரில் ஒருவர், மற்றவரைக் கேட்காமலே விலையை ஏற்றினால் அது ‘யூனிலேட்டரல் டெசிஷன்’. இன்னொருவருக்கும் பங்குள்ள விஷயமாக இருக்க வேண்டும், அவருடைய சம்மதம் இல்லாமல் நடந்திருக்க வேண்டும். 1965 நவம்பர் 11 அன்று, பிரிட்டனின் சம்மதம் இல்லாமலே, அதன் காலனியாக இருந்த ரொடீஷியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) இயான் ஸ்மித் அரசு விடுதலையை அறிவித்தது. வரலாற்றில் அதன் பெயரே ‘யூனிலேட்டரல் டிக்ளரேஷன் ஆஃப் இண்டிபெண்டன்ஸ்’.

இதை வைத்து, இது எப்போதும் குறைசொல்லும் சொல் என்று நினைத்துவிட வேண்டாம். எதிரி நிறுத்தட்டும் என்று காத்திராமல் ஒரு தரப்பு தானாகவே சண்டையை நிறுத்தினால் அதுவும் ‘யூனிலேட்டரல் சீஸ்ஃபயர்’தான்.

படி 3: தமிழில் கவனமாக எழுதுங்கள். ‘ஒருதலைப்பட்சம்’ என்றால் பாரபட்சம் என்ற பொருளும் வந்துவிடுகிறது. பாரபட்சமான தீர்ப்பை ஆங்கிலத்தில் ‘பயஸ்ட்’ என்பார்கள். ஓர் அணியே ஓங்கிய ஆட்டத்தை ‘ஒன்-சைடட்’ என்பார்கள். இரண்டுக்கும் யூனிலேட்டரல் பொருந்தாது. முடிவு என்றால் ‘தன்னிச்சையான’, போர்நிறுத்தம் என்றால் ‘ஒருதரப்பு’ என்று எழுதுவதே என் விருப்பம்.

படி 4: வாக்கியத்தில் வையுங்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் யூனிலேட்டரல், வினையோடு யூனிலேட்டரலி: ‘ஷி யூனிலேட்டரலி சேஞ்ச்ட் த பிளான்’. அவ்வளவுதான்.

படி 5: துறையைப் பாருங்கள். மருத்துவத்தில் ‘யூனிலேட்டரல் ஹியரிங் லாஸ்’ என்றால் ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைவது. சட்டத்தில் ‘யூனிலேட்டரல் கான்ட்ராக்ட்’ என்றால் வாக்குக் கொடுப்பது ஒரு தரப்பு மட்டுமே. எங்கள் மருந்துப் பந்தைச் சொன்னபடி பயன்படுத்தியும் இன்ஃப்ளூயன்ஸா வந்தால் 100 பவுண்டு தருவோம் என்று இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தது. அதை நம்பிப் பயன்படுத்திய கார்லில் என்ற பெண்மணி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஆனாலும் பணம் அவருக்குத்தான் என்று 1892இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

அப்புறம், இதன் உறவுச் சொற்கள்: இருதரப்பு என்றால் பைலேட்டரல், பலதரப்பு என்றால் மல்டிலேட்டரல்.