ஏழு வாங்கியும் சீட்டு இல்லை

"மாமா, ஓவரால் ஏழு!" என்று லட்டு டப்பாவோடு வந்து நின்றான் அக்கா மகன். வெளிநாட்டில் படிக்கக் கேட்கும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸில் அவன் வாங்கிய மொத்த மதிப்பெண் அது. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் படித்த பையன், தெருவே கொண்டாடியது. மூன்றாவது வாரம், விண்ணப்பித்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கையை விரித்துவிட்டது. அவர்கள் கேட்டது 6.5தான். ஆனால் அடுத்த வரியிலேயே 'எந்தப் பிரிவிலும் 6க்குக் குறையக் கூடாது' என்று இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை, நானும்தான்.

கேட்டல் 8, வாசித்தல் 7.5, எழுதுதல் 5.5, பேசுதல் 6.5. கூட்டி நாலால் வகுத்தால் 6.875. ஐஇஎல்டிஎஸ் அதை 7 என்று முழுமையாக்கிவிடும். எழுத்தில் வாங்கிய 5.5 அப்படியே கிடக்கும்.

எங்கே சறுக்கினாய் என்று கேட்டேன். எழுத்துப் பிரிவுக்கு மொத்தமே 60 நிமிடம், அதில் முதல் கேள்வியின் வரைபடத்துக்கே 35 நிமிடம் போயிருக்கிறது. அதற்கு 150 சொல் போதும். 250 சொல் கேட்கும் இரண்டாவது கட்டுரைக்குத்தான் இரட்டை மதிப்பு. இருபது, நாற்பது என்று பிரித்துக்கொள்ளாதவர்கள் எல்லாரும் விழும் குழி இது. பேசும்போது அமெரிக்கன் மாதிரி நாக்கைச் சுழற்றுவதும் வேண்டாத வேலை. பேச்சு தெளிவாகப் புரிந்தால் பாலக்காட்டு வாடை அடித்தாலும் மார்க் போகாது.

இன்னொரு கூத்து, பெயர். கேரள எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் அதுவே அப்பா பெயராக விரிந்திருக்கும். பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். தேர்வன்றும் அதே பாஸ்போர்ட், ஒரிஜினல்தான் வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது.

ஐஇஎல்டிஎஸ்ஸில் அகடமிக், ஜெனரல் டிரெய்னிங் என்று இரண்டு வகை உண்டு. கனடாவில் பிஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, வாங்கிய ஒன்றுவிட்ட அண்ணன் சொன்னார் என்று ஜெனரல் டிரெய்னிங் எழுதிவிடாதீர்கள். பட்டப்படிப்புக்கு அகடமிக். மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். பிளஸ் டூ முடித்த கையோடு எழுதி வைத்துவிட்டு, பிகாம் முடித்து விண்ணப்பித்தால் அது வெறும் காகிதம்.

கல்லூரியில் ஆங்கில வழியில் படித்ததற்கான மீடியம் சர்டிபிகேட்டே போதும், ஐஇஎல்டிஎஸ் வேண்டாம் என்று ஏஜெண்ட் சொன்னால், அட்மிஷன் ஆபீசுக்கு நீங்களே மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். சில இடத்தில் எடுக்கும், சில இடத்தில் எடுக்காது.

நம்ம பையன் கம்ப்யூட்டரில் எழுதியிருந்ததால் ஒரு வழி மிச்சம் இருந்தது. 60 நாளுக்குள் ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதலாம். கட்டணம் கட்டப் போனவனை நிறுத்தி, அந்தப் பல்கலைக்கழகம் இதை ஏற்குமா என்று முதலில் கேட்கச் சொன்னேன். மெயில் போயிருக்கிறது.