கொரியா ஒப்பந்தமா? முதலில் தேதியைப் பாருங்கள்

தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க ஏஜென்ட் அனுப்பும் ஒப்பந்தத்தில் சம்பளத்துக்கு முன்னால் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் பாருங்கள், முழு 12 மாதம் இல்லையென்றால் திருத்தச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். அங்கே ஒரே இடத்தில் தொடர்ந்து ஒரு வருடம் வேலை பார்த்தவருக்கு, விலகும்போது குறைந்தது 30 நாள் சராசரிச் சம்பளம் பணிக்கொடையாகத் தர வேண்டும் என்பது சட்டம், 11 மாத ஒப்பந்தம் போட்டால் அது போச்சு. ஏஜென்டுக்குக் கமிஷன் தருவது பெரும்பாலும் பள்ளிதான், அதனால் இதை அவர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள்.

பாதியில் விலகினால் இவ்வளவு அபராதம் என்று தொகை குறித்திருந்தாலும் பயப்பட வேண்டாம், அப்படி முன்கூட்டியே அபராதம் நிர்ணயிப்பதை அந்நாட்டுத் தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு தடை செய்கிறது. புகாருக்குத் தொழிலாளர் அமைச்சகத்தின் 1350 எண் இருக்கிறது.

வாரம் 15 மணி நேரத்துக்குக் குறைவான வேலை என்றால் பணிக்கொடை கிடையாது. 'சுயதொழில் செய்பவர்' என்று எழுதியிருந்தால் தகராறுதான், நீங்கள் உண்மையில் ஊழியர் என்று நிரூபிக்க வேண்டிவரும். சீனா, வியட்நாம் போகிறவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது, அங்கே சட்டம் வேறு.