அமெரிக்கப் பள்ளியில் இலவச மதிய உணவு: யாருக்குக் கிடைக்கும், எப்படி விண்ணப்பிப்பது?

ஊரில் சத்துணவு சாப்பிட யாரும் சம்பளச் சீட்டு கேட்பதில்லை. தட்டோடு போய் உட்கார்ந்தால் போதும். அமெரிக்காவில் 1946 முதல் நடக்கும் தேசியப் பள்ளி மதிய உணவுத் திட்டத்தில், வீட்டு வருமானத்தைப் பார்த்துத்தான் விலை: இலவசம், சலுகை விலை, முழு விலை. பி.எச்டி. உதவித்தொகையில் குடும்பம் நடத்தும் நம்மவர்கள் பலர் "இதெல்லாம் நமக்குக் கிடைக்காது" என்று விட்டுவிடுகிறார்கள். படிவத்தில் விசா, குடியுரிமை பற்றிய கேள்வியே இல்லை.

படி 1: பள்ளியில் கேளுங்கள்

படிவத்தைத் தொடும் முன், "இங்கே எல்லாருக்குமே இலவசமா?" என்று கேட்டுவிடுங்கள். கலிஃபோர்னியா, மினசோட்டா, மிச்சிகன் போன்ற மாநிலங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருமானம் பார்ப்பதில்லை. மற்ற இடங்களிலும், ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளி என்றால் எல்லாருக்கும் இலவசமாகப் போடலாம். அப்படியானால் உங்கள் வேலை முடிந்தது.

ஸ்நாப் உணவு உதவி பெறும் வீட்டுக்கும் வருமானக் கணக்கு தேவையில்லை. பெரும்பாலும் பெயர் தானாகவே பள்ளிக்குப் போய்விடும், கடிதம் வரும்.

படி 2: தலையை எண்ணுங்கள்

ஒரே வீட்டில் இருந்துகொண்டு வரவு செலவைப் பகிர்கிறவர்கள் எல்லாரும் கணக்கில் வருவார்கள், கைக்குழந்தை உட்பட. வாடகையை மட்டும் பங்கு போட்டுக்கொண்டு தனியாகச் சமைத்துச் சாப்பிடும் நண்பர் வரமாட்டார். எத்தனை பிள்ளைகள் படித்தாலும் வீட்டுக்கு ஒரே விண்ணப்பம்.

படி 3: வருமானம் (இங்கேதான் பலரும் தப்பு செய்வது)

கைக்கு வரும் தொகையை எழுதாதீர்கள். வரி, காப்பீட்டுப் பிடித்தங்களுக்கு முந்தைய தொகைதான் கணக்கு. வறுமைக்கோட்டின் 130 சதவீதம் வரை இலவசம். அதற்கு மேல் 185 சதவீதம் வரை சலுகை விலை. 2025-26 கல்வியாண்டில் நான்கு பேர் குடும்பத்துக்கு இந்த எல்லைகள் ஆண்டுக்கு 41,795 டாலர், 59,478 டாலர் (அலாஸ்கா, ஹவாய்க்கு மட்டும் வேறு). சலுகை விலையில் ஒரு மதியச் சாப்பாடு அதிகபட்சம் 40 சென்ட்.

சரி, 1,610 டாலர் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் ஆண்டுக்கு 26 முறை, அதாவது 41,860. இலவச எல்லையை 65 டாலரில் தாண்டிவிட்டது. அதே தொகை 1, 15 தேதிகளில் மாதம் இருமுறை வந்தால் 24 முறைதான்: 38,640, இலவசம். படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிக் அடியுங்கள்.

இன்னொன்று: வருமானம் இல்லாதவர் பெயருக்கு எதிரே 0 போடுங்கள். காலியாக விட்டாலும், வருமானம் இல்லை என்று நீங்கள் உறுதி சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். மறதியாக விட்டிருந்தால் வம்பு.

படி 4: கையெழுத்து

கையெழுத்திடுபவரின் சமூகப் பாதுகாப்பு எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் போதும். எண்ணே இல்லையென்றால் "இல்லை" என்ற கட்டத்தில் குறியிடுங்கள்.

அப்புறம்?

பள்ளி நடக்கும் 10 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். கிடைத்த சலுகை அந்தக் கல்வியாண்டு முழுக்க நிற்கும். நடுவில் சம்பளம் கூடினாலும் பறிபோகாது. ஆனால் அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், பழைய சலுகை முதல் 30 பள்ளி நாட்கள் வரைதான் ஓடும். சில விண்ணப்பங்களை மட்டும் எடுத்து ஆதாரம் கேட்பார்கள். அந்தக் கடிதத்துக்குப் பதில் போடாவிட்டால் சலுகை போய்விடும்.

இலவசம் என்பது முழுச் சாப்பாட்டுக்கு. வீட்டிலிருந்து தயிர்சாதம் கொண்டுபோகும் பிள்ளை ஒரு பால் பாக்கெட் மட்டும் எடுத்தால் அதற்குக் காசு பிடிக்கலாம். தட்டில் பழமோ காய்கறியோ கட்டாயம் இருந்தால்தான் அது "சாப்பாடு" என்று கணக்காகும். ஆப்பிள் பிடிக்காத பிள்ளைக்கு இதை முதல் நாளே சொல்லி அனுப்புங்கள்.