ஃபாரன்சிக் எடுக்கப் போறியா தம்பி? பிரஷ்ஷை மெதுவாப் பிடி

டெக்சாஸில் பதினொன்றாம் வகுப்பில் நான் ஃபாரன்சிக் சயின்ஸ் (தடய அறிவியல்) எடுத்தபோது, தினம் ஒரு கொலை இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு வாரம் வெறும் நோட்டுதான். எந்தத் தடயப் பையை யார் திறந்தார்கள், எத்தனை மணிக்கு, கையெழுத்து. அலுக்கும், ஆனால் மார்க் போவதே அங்கேதான். பேனாவால் எழுது. தப்பானால் ஒரே கோடு போட்டு அடித்து இனிஷியல் போடு. ஒயிட்னர் பக்கமே போகாதே.

கைரேகை எடுக்க வீட்டிலேயே பழகலாம். நெற்றியில் தேய்த்த விரலால் கண்ணாடி டம்ளரைத் தொடு. பென்சில் கரியை நன்றாகப் பொடித்து, மேக்கப் பிரஷ் நுனியில் துளியூண்டு எடுத்து, ரேகை ஓடும் திசையிலேயே வருடு. நான் பாத்திரம் விளக்குகிற மாதிரி தேய்த்தேன். டம்ளரும் கறுப்பு, ரேகையும் போச்சு, அம்மாவிடம் திட்டு தனி. ரேகை தெரிந்ததும் செலோடேப்பை ஓரத்திலிருந்து ஒட்டி, ஒரே இழுப்பில் எடுத்து வெள்ளை அட்டையில் பதி. (உலகின் முதல் கைரேகைப் பிரிவு 1897-இல் கல்கத்தாவில் தொடங்கியது. வகுப்பில் சொல்லிப் பார், எல்லாரும் திரும்புவார்கள்.)

ரத்தத்துளிப் பாடத்துக்கு, கணக்கில் படித்த சைன் மறக்கக் கூடாது: கறையின் அகலத்தை நீளத்தால் வகுத்தால் வருவது, துளி விழுந்த கோணத்தின் சைன். கறையின் அகலம் 6 மி.மீ., நீளம் 12 என்றால் 6/12 = 0.5, துளி விழுந்த கோணம் 30 டிகிரி. நீளத்தில், கறையின் நுனியில் இழுபட்டிருக்கும் வாலைச் சேர்க்காதே. கால்குலேட்டர் ரேடியனில் இல்லாமல் டிகிரியில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்.