ஷாட்கன் வாங்கப் போறீங்களா, குளிர் ஜாக்கெட்டை கையோட எடுத்துட்டு போங்க

போன மாசம் அக்கா பையன் போன் பண்ணினான். மினியாபோலிஸ்லதான் இருக்கான், கல்யாணத்துக்கு அப்புறம் கிரீன் கார்டு வந்தாச்சு, "மாமா, அக்டோபர்ல பெசன்ட் பறவை வேட்டைக்கு நானும் வரேன், என்ன துப்பாக்கி வாங்கட்டும்"னு கேட்டான். நான் பதிலே சொல்லாம "உன் கை நீளம் எவ்வளவு, எந்தக் கண்ணு பலமான கண்ணு"ன்னு திருப்பிக் கேட்டேன், அவனுக்கு ஒண்ணும் புரியல. அவனுக்கு சொன்னதை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சா நம்ம ஆளுங்க வேற யாருக்காவது உதவும்னு தோணுச்சு. மினசோட்டாவுல 25 வருஷத்துக்கு மேல சுட்டுட்டு இருக்கேன். கைக்கு வந்து போன துப்பாக்கி நிறைய, அதுல நாலுதான் மனசுல நிக்குது, நாலுமே விலைக்காகவோ பேருக்காகவோ நிக்கல.

முதல்ல சட்டம். எச்-1பி மாதிரி தற்காலிக விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்க ஃபெடரல் சட்டம் தடை போட்டிருக்கு. வேட்டை லைசென்ஸ் இருந்தா ஒரு விலக்கு உண்டு, ஆனா அதை நம்பி இறங்கறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட கேட்டுடுங்க, இது இமிக்ரேஷன் வரைக்கும் போய் நிக்கற விஷயம். கிரீன் கார்டு இருந்தா கடைல 4473ன்னு ஒரு ஃபார்ம், பின்னணி சோதனை, அவ்வளவுதான். மினசோட்டாவுல 1979க்கு அப்புறம் பொறந்தவங்க துப்பாக்கி பாதுகாப்பு வகுப்பு முடிச்சிருந்தாதான் வேட்டை லைசென்ஸ் வாங்க முடியும். அந்த வகுப்பை சடங்கா நினைக்காதீங்க, நான் அதுல கத்துக்கிட்டதுதான் இன்னைக்கும் என் கூட வர்றவனை உயிரோட வச்சிருக்கு.

இப்ப கேஜ். ஷாட்கன்னா ஒரே குண்டுக்கு பதிலா நிறைய சின்ன ரவையை ஒண்ணா தெறிக்க விடற துப்பாக்கி, அதோட குழல் அளவுதான் கேஜ். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையா உருட்டினா ஒரு உருண்டை எவ்வளவு அகலமோ அதுதான் 12 கேஜ் குழலோட உள் அகலம், சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டையா உருட்டினா 20 கேஜ், 15.6 மில்லிமீட்டர். அதனாலதான் நம்பர் கூடக் கூட குழல் சிறுசாகுது. புதுசா வர்றவங்களுக்கு 12 இல்லன்னா 20, வேற எதையும் யோசிக்க வேண்டாம். குழந்தைங்களுக்கு உதை கம்மியா இருக்கும்னு 410ன்னு இன்னும் சின்ன குழல் துப்பாக்கி வாங்கித் தர்றாங்க பாருங்க, அது தப்பு. அதுல ரவை ரொம்ப கம்மி, பறக்கற பறவை மேல பட்டுத் தொலையாது, குழந்தை ரெண்டே நாள்ல வெறுத்துடும்.

வீட்டுல ரெண்டு கேஜும் இருந்தா ஒண்ணை மட்டும் மறக்கவே கூடாது. 20 கேஜ் தோட்டா தவறி 12 கேஜ் குழலுக்குள்ள போனா வழுக்கிக்கிட்டு உள்ள போய் நடுவுல மாட்டிக்கும், துப்பாக்கி காலியா இருக்குன்னு நினைச்சு பின்னாடி ஒரு 12ஐ போட்டு சுட்டா குழலே வெடிக்கும். அதுக்காகத்தான் 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் கலர்ல பண்றாங்க. நான் ரெண்டுக்கும் தனித்தனி பை, தனித்தனி ஜாக்கெட்டே வச்சிருக்கேன், ஒரு பாக்கெட்டுல ரெண்டும் கலந்ததே கிடையாது.

என் முதல் துப்பாக்கி ரெமிங்டன் 870, பழசு, 12 கேஜ் பம்ப். பக்கத்து வீட்டுல நார்வே வம்சாவளி விவசாயி ஒருத்தர், பெரியவர், அவர்தான் கூட வந்து வாங்கிக் குடுத்தார். 1950ல வந்த மாடல், ஒரு கோடிக்கு மேல செஞ்சிருக்காங்க, அதனால பழசு எங்க பாத்தாலும் கிடைக்கும், ஸ்பேர் பார்ட்டும் கிடைக்கும். பழசு வாங்கும்போது அவர் பண்ணினதை அப்படியே சொல்றேன். முதல்ல காலியா இருக்கான்னு கண்ணால பாத்து, விரலை விட்டும் தடவிப் பாத்தார். அப்புறம் குழலை கழட்டி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு உள்ள வட்டம் வட்டமா நிழல் விழுதான்னு பாத்தார், ஏதாவது ஒரு வட்டம் கோணலா தெரிஞ்சா அங்க உள்ள நசுங்கியிருக்குன்னு அர்த்தம். வெளிய விரலை ஓட்டி எங்கயாவது உப்பியிருக்கான்னு தடவினார். தோள்ல வைக்கற கட்டை ரிசீவரோட (விசையும் பூட்டும் இருக்கற நடுப்பகுதி) சேர்ற இடத்துல கீறல் இருக்கான்னு நகத்தால தேடினார். பத்து நிமிஷம் ஆச்சு, வெளிய இருக்கற சிராய்ப்பு எதையும் அவர் கண்டுக்கவே இல்ல.

அந்த 870ல ஏழு சீசன் சுட்டேன். பம்ப்ல ஒரு நல்லது என்னன்னா அடுத்த தோட்டாவை நாமளே இழுத்து போடணும், அதனால அவசரப்பட்டு ரெண்டாவது சுடற பழக்கம் வராது.

அடுத்தது என் தப்பு. வேலைல போனஸ் வந்துச்சு, ஆசைப்பட்டு ஒரு ஓவர் அண்டர் (மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு குழல் இருக்கறது) வாங்கினேன், கம்பெனி பேரு வேண்டாம், துப்பாக்கி மேல குத்தமே இல்ல. ஜூலை மாசம் டீ ஷர்ட்ல கடைக்கு போய் தோள்ல வச்சு பாத்தேன், அளவெடுத்து தச்ச மாதிரி இருந்துச்சு. நவம்பர்ல மூணு அடுக்கு துணி போட்டுக்கிட்டு காட்டுல நிக்கும்போது பறவை எழும்புது, துப்பாக்கியை தூக்கறேன், கட்டையோட அடிப்பாகம் அக்குள்ல ஜாக்கெட்டுல சிக்குது. அது விடுபட்டு தோளுக்கு வர்றதுக்குள்ள பறவை பக்கத்து ஊருக்கே போயிருக்கும். ரெண்டு சீசன் என் குறிதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு நொந்துட்டு இருந்தேன், அப்புறம்தான் பெரியவர் டேப் எடுத்து அளந்தார். விசைல இருந்து கட்டையோட பின்பக்கம் வரைக்கும் பதினாலே முக்கால் இன்ச். சாதாரணமா 14லிருந்து பதினாலரை வரும், எனக்கு உயரம் அஞ்சடி ஆறு, அதுல குளிர் ஜாக்கெட் வேற ஒரு முக்கால் இன்ச் தின்னுடும். அதனாலதான் சொல்றேன், எந்த குளிர்ல சுடப் போறீங்களோ அந்த ஜாக்கெட்டை போட்டுக்கிட்டுதான் கடைல துப்பாக்கியை தூக்கணும், கடைக்காரர் ஒரு மாதிரி பாத்தா பாத்துட்டு போகட்டும்.

தூக்கிப் பாக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. காலியா இருக்கான்னு ரெண்டு தடவை பாத்துட்டு, ஆள் இல்லாத சுவரைப் பாத்து நின்னு, கண்ணை மூடிக்கிட்டு துப்பாக்கியை தோளுக்கு கொண்டு வாங்க, கன்னத்தை கட்டை மேல இயல்பா வைங்க, தலையை குனிஞ்சு தேடாதீங்க. இப்ப கண்ணைத் திறங்க. குழல் முனைல இருக்கற சின்ன மணியும் மேல ஓடற பட்டையும் ஒரே கோட்டுல தெரிஞ்சா சரி. பட்டை மேடு மாதிரி நீளமா தெரிஞ்சா கட்டை உங்களுக்கு உயரம், மேல சுடும். மணியே தெரியாம ரிசீவர் மறைச்சா தாழ்வு. இதை பத்து தடவை பண்ணுங்க, பத்துல எட்டு தடவை சரியா வந்தா அது உங்க துப்பாக்கி. விலைச் சீட்டை அதுக்கு அப்புறம் பாக்கலாம். ரைஃபிள்ல குறி பாத்து சுடறோம், ஷாட்கன்ல பறவையை பாத்துக்கிட்டே சுடறோம், உங்க கண்ணுதான் பின்னாடி இருக்கற குறிமுள், அது ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல வந்து உக்காரணும். குறி தப்பறதுல பாதிக்கு மேல இங்கதான் தப்புதுன்னு நான் நம்பறேன்.

எந்தக் கண்ணுன்னு கேட்டேனே, அதுக்கு சுலபமான சோதனை: ரெண்டு கையையும் நீட்டி உள்ளங்கைகளுக்கு நடுவுல சின்ன ஓட்டை விட்டு, ரெண்டு கண்ணும் திறந்தபடி தூரத்துல ஒரு பொருளை அதுக்குள்ள பாருங்க. ஒவ்வொரு கண்ணா மூடுங்க, எந்தக் கண்ணை மூடினா பொருள் காணாம போகுதோ அதுதான் பலமான கண்ணு. என் பொண்ணு வலது கைக்காரி, ஆனா இடது கண்ணு. வலது தோள்ல வச்சு சுடறவரைக்கும் எல்லாமே இடது பக்கமா போச்சு, பாவம் அழுதுட்டா. பன்னெண்டு வயசுல தோளை மாத்தினோம், ஒரு மாசம் கஷ்டப்பட்டா, அதுக்கப்புறம் என்னை விட நல்லா சுடறா.

அவளுக்காக தேடிப் பிடிச்சதுதான் நான் சொன்ன நாலுல ரெண்டாவது, இத்தாக்கா 37, 20 கேஜ். 1937ல வந்த பம்ப், காலித் தோட்டா பக்கவாட்டுல தெறிக்காம கீழ விழும், அதனால இடது தோள்ல வச்சு சுடறவங்க மூஞ்சி முன்னாடி எதுவும் பறக்காது. எடையும் கம்மி, வடக்குல ஆஸ்பென் காட்டுக்குள்ள க்ரவுஸ்ங்கற காட்டுப் பறவையை தேடி நாள் முழுக்க நடந்தாலும் கை வலிக்காது. ஆனா எடை கம்மின்னா உதை அதிகம், அவளுக்கு எப்பவுமே லேசான தோட்டாதான் குடுத்தேன். இடது கைக்காரங்களுக்கு மாஸ்பெர்க் 500ம் நல்லது, சேஃப்டி மேல நடுவுல கட்டை விரலுக்கு நேரா இருக்கு, விலையும் கம்மி.

மூணாவது ரெமிங்டன் 1100, செமி ஆட்டோ, 1963ல வந்தது. வெடிக்கற வாயுல ஒரு பகுதியை எடுத்துத்தான் அடுத்த தோட்டாவை ஏத்துது, அதனால உதை தோளுக்கு மெதுவா வந்து சேரும். தோள் வலி இருக்கறவங்களும் க்ளே டார்கெட் (காத்துல வீசற களிமண் தட்டு) நிறைய சுடறவங்களும் இந்த மாதிரி வாயுல ஓடற துப்பாக்கியை பாருங்க. உள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கு, நாளாக நாளாக தேயும், ஒண்ணு எப்பவும் பையில ஸ்பேரா வச்சுக்கோங்க. ஜான் பிரவுனிங் செஞ்ச ஆட்டோ-5ம் செமி ஆட்டோதான், 1902லயிருந்து வந்தது, பின்னாடி கூன் விழுந்த மாதிரி இருக்கும், ஆனா அது வேற வழில ஓடுது, குழலே பின்னாடி வந்து போகும். பழசா வாங்கினா முன்கட்டையை கழட்டி உள்ள ஸ்பிரிங் கூட இருக்கற இரும்பு வளையத்தை பாத்துடுங்க. கனமான தோட்டாவுக்கு வளையம் ஸ்பிரிங்குக்கு மேல, லேசானதுக்கு ஸ்பிரிங்குக்கு கீழ. நண்பர்கிட்ட இரவல் வாங்கி இதைப் பாக்காம கனமான தோட்டா போட்டு சுட்டேன், ஒரு வாரம் தோளை தூக்க முடியல.

நாலாவது, எனக்கு ரொம்ப பிடிச்சது, வின்செஸ்டர் மாடல் 12, 16 கேஜ். பெரியவரோடது. அவர் போனதுக்கு அப்புறம் அவர் சம்சாரம் என்னைக் கூப்பிட்டு, இது உன்கிட்ட இருக்கணும்னு அவர் சொன்னாருன்னு குடுத்தாங்க. இழுத்தா நெய்ல ஓடற மாதிரி ஓடும். இந்த மாதிரி பழசு உங்க கைக்கு வந்தா உடனே எடுத்துட்டு போய் சுடாதீங்க, துப்பாக்கி ரிப்பேர் பண்ற கன்ஸ்மித்கிட்ட சேம்பரை (தோட்டா உக்கார்ற இடம்) அளக்கச் சொல்லுங்க. பழைய 16 கேஜ் பலதுல சேம்பர் 2 9/16 இன்ச்தான், இப்ப கடைல விக்கற தோட்டா இரண்டே முக்கால், உள்ள போயிடும் ஆனா வெடிச்சு விரிய இடம் இருக்காது, அழுத்தம் ஏறும். இன்னொண்ணு, மாடல் 12லயும் பழைய இத்தாக்கா 37லயும் விசையை விடாம பம்ப் பண்ணினா பூட்டு மூடின உடனே அடுத்தது தானா வெடிக்கும். ஒவ்வொரு தடவையும் விரலை விசைல இருந்து எடுத்துப் பழகுங்க. குழல்ல பாம்புத் தோல் மாதிரி சுருள் சுருளா கோலம் இருக்கற ரொம்ப பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி கிடைச்சா சுவத்துல மாட்டுங்க, இன்னைக்கு தோட்டாவை அதுல போட்டு சுடாதீங்க.

வாத்து வேட்டைக்கு இந்த பழசுங்களை நான் எடுக்கறதில்ல. 1991லயிருந்து அமெரிக்கா முழுக்க வாத்துக்கும் கூஸுக்கும் ஈய ரவை கூடாது, தண்ணிக்கு அடில கிடக்கற ஈயத்தை தின்னு பறவைங்க விஷமேறி செத்துச்சு. இப்ப ஸ்டீல். ஸ்டீல் ரவை கடினம், பழைய மெல்லிசு குழலையும் இறுக்கமான ஃபுல் சோக்கையும் (சோக்னா குழல் முனைல இருக்கற சுருக்கம்) கெடுத்துடும். அதுக்கு ஸ்டீல் போடலாம்னு குறிச்சிருக்கற, 3 இன்ச் தோட்டா ஏத்துக்கற துப்பாக்கி ஒண்ணு போதும். மேகசின்ல (தோட்டா வரிசையா நிக்கற குழாய்) அடைப்புக் குச்சி போட்டு மொத்தம் மூணு தோட்டாவுக்கு மேல ஏறாம அடைச்சிருக்கணும், 25 டாலர் டக் ஸ்டாம்ப்பும் (வாத்து வேட்டைக்கு அரசாங்கம் விக்கற முத்திரை) வேணும். அந்த காசு சதுப்பு நிலத்துக்கு போகுது. நாம வாங்கற துப்பாக்கிலயும் தோட்டாலயும் 11 சதவீத வரி 1937 சட்டப்படி காட்டுயிருக்கு போகுது, இதுல எனக்கு நிஜமாவே சந்தோஷம்.

துப்பாக்கி வாங்கின உடனே ஒரு பெரிய பேப்பரை 40 யார்டு தூரத்துல ஒட்டி ஒரு தடவை சுடுங்க. ரவை அதிகம் விழுந்த இடத்தை சுத்தி 30 இன்ச் வட்டம் போட்டு எண்ணுங்க. மாடிஃபைடு சோக்குன்னா நூத்துக்கு அறுபது உள்ள இருக்கணும், இம்ப்ரூவ்டு சிலிண்டர்னா அம்பது, ஃபுல்னா எழுபது. ஸ்டீல் போட்டா இன்னும் நெருக்கமா விழும். பெசன்ட்டுக்கு நான் 5ம் நம்பர் அளவு ஈய ரவையும் மாடிஃபைடு சோக்கும், க்ரவுஸுக்கு ஏழரை நம்பர் ரவையும் இம்ப்ரூவ்டு சிலிண்டரும் போடறேன்.

பத்திரமா வைக்கறது பத்தி சுருக்கமா: மழைல நனைஞ்சா அன்னைக்கு ராத்திரியே கழட்டி துடைச்சு எண்ணெய் போடுங்க, தூக்கிட்டு போற கேஸுக்குள்ள வச்சு மாசக்கணக்குல மூடி வைக்காதீங்க, ஈரம் தேங்கி துரு ஏறும். பூட்டின சேஃப்ல துப்பாக்கி, வேற பூட்டுல தோட்டா. வீட்டுக்கு வர்ற குழந்தைங்க யாருக்கும் சாவி இருக்கற இடம் தெரியக் கூடாது.

அக்கா பையன் இன்னும் எதுவும் வாங்கல. வர்ற சனிக்கிழமை ரேஞ்சுக்கு கூட்டிட்டு போறேன், 870, 1100, பொண்ணோட இத்தாக்கா, மூணையும் ஆளுக்கு 25 க்ளே சுட்டுப் பாக்கறது. வெயில்தான், ஆனாலும் நவம்பர் ஜாக்கெட்டை கொண்டுவரச் சொல்லியிருக்கேன்.