பைதன் நிலைநூலகச் சோதனைகளைப் பேணுவது எப்படி: யாழ்ப்பாணத்தில் இருந்து பங்களிக்க விரும்புவோருக்கு

பைதனோடு சேர்ந்தே வரும் நூலகங்களின் தொகுப்புத்தான் நிலைநூலகம். அதன் சோதனைகள் பைதனின் முதன்மை வடிவமான சீபைதனின் மூலநிரலில் 'லிப்' கோப்புறைக்குள் இருக்கும் 'ரெஸ்ற்' கோப்புறையில் உள்ளன. அநேகமாக ஒரு நூலகத்துக்கு ஒரு கோப்பு. பெரிய நூலகமென்றால் தனிக் கோப்புறை. அவற்றை ஓட்டும் கருவிக்கு, அதாவது ஓட்டிக்கு, பெயர் 'ரெக்ர்ரெஸ்ற்'. புதிதாகச் சோதனை எழுதுவது இந்த வேலையில் ஒரு பகுதி மட்டுமே. இருக்கும் சோதனை ஏன் தோற்கிறது என்று பார்க்கவேண்டும். தோற்கவேண்டிய இடத்தில் ஏன் தோற்காமல் இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். இரண்டாவதுதான் கடினம், அதற்குத்தான் ஆட்கள் குறைவு.

களஞ்சியம் பெரியது. கைப்பேசி டேற்றாவில் இறக்குபவர்கள் ஆழத்தை 1 என்று வைத்துக் குளோன் செய்யப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் வரலாறு வராது. எந்தக் கொமிற்றில் (பதிந்த மாற்றத்தில்) சோதனை உடைந்தது என்று 'கிற் பைசெக்ற்' வைத்துத் தேட முடியாது. அதற்குப் பதில் 'பிளொப் நன்' வடிகட்டியோடு குளோன் செய்யுங்கள். கொமிற் வரலாறு முழுதும் வந்துவிடும். பழைய கோப்புகளின் உள்ளடக்கம் தேவைப்படும்போதுதான் இறங்கும்.

உபுண்டுவில் கட்டுவதற்கு முன் ஓப்பன்எஸ்எஸ்எல், எஸ்கியூலைற், எஃப்எஃப்ஐ, சீலிப், பீசிப்2, எல்செற்எம்ஏ, ரீட்லைன், ரிகே ஆகியவற்றின் 'டெவ்' பொதிகளை நிறுவுங்கள். பிறகு 'வித் பைடிபக்' தெரிவோடு கொன்ஃபிகர் செய்து மேக் கொடுங்கள். ஏதாவதொரு பொதி இல்லாவிட்டாலும் மேக் நிற்காது. கட்ட முடியாத மொடியூல்களின் பெயர்களைக் கடைசியில் காட்டிவிட்டுப் போய்விடும். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் சோதனைகளை ஓட்டினால் எஸ்எஸ்எல் சோதனைகள் முழுதும் தவிர்க்கப்பட்டிருக்கும், முடிவிலோ 'வெற்றி' என்று வரும். ஆகவே ஒவ்வொரு ஓட்டத்திலும் தவிர்க்கப்பட்டவற்றின் பட்டியலை முதலில் வாசியுங்கள். வலையமைப்பு தேவைப்படும் சோதனைகளும் சும்மா ஓட்டினால் ஓடாது. 'யூ' தெரிவில் 'நெற்வேர்க்' என்று கொடுக்கவேண்டும். ஓட்டத்தின் நடுவே கரண்ட் போனால் தற்காலிகக் கோப்புறைகள் மிஞ்சிக் கிடக்கும். 'கிளீனப்' தெரிவு அவற்றை அழிக்கும்.

தனியே தேறும், கூட்டத்தில் தோற்கும்

ஒரு சோதனைக் கோப்பு தனியே தேறி, முழு ஓட்டத்தில் மட்டும் தோற்றால், அதற்கு முன் ஓடிய ஏதோ ஒன்று சூழலைக் குழப்பியிருக்கிறது என்று சந்தேகியுங்கள். இங்கே பலர் தடுக்கி விழும் இடம், சோதனைகளைப் பல வேலையாட்களுக்குப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டும் 'ஜே' தெரிவு. அதைக் கொடுத்தால் ஒவ்வொரு கோப்பும் தனித் தனிப் புரொசெஸ்ஸில் ஓடும். ஒன்றின் குழப்பம் மற்றதற்குப் போகாது, வழுவும் மறைந்துவிடும். ஆகவே 'ஜே' இல்லாமல், வரிசையைக் கலைத்து ஓட்டுங்கள். கலைத்த வரிசைக்கு ஓட்டி காட்டும் சீட் எண்ணைக் குறித்துவைத்து அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசை திரும்ப வரும். பிறகு முன்னால் ஓடியவற்றைப் பாதிபாதியாக வெட்டிக் குற்றவாளியைப் பிடிக்கலாம்.

சூழல் மாற்றம் பெரும்பாலும் லொகேல் (மொழி, நாட்டு அமைப்பு), சூழல் மாறிகள், நடப்புக் கோப்புறை, எச்சரிக்கை வடிகட்டிகள் ஆகியவற்றில் நடக்கும். ஓட்டி இவற்றை முன்னும் பின்னும் ஒப்பிட்டு 'சூழல் மாறியது' என்று சொல்லும். அதைத் தோல்வியாகவே எண்ணச் செய்யும் தெரிவும் உண்டு. துப்புரவைச் சோதனைக்குப் பின் ஓடும் 'ரியர்டவுன்' மெதட்டில் வைப்பது பழக்கமாகிவிட்டது. ஆனால் சோதனைக்கு முன் ஓடும் 'செற்றப்' பாதியில் பிழையோடு நின்றால் 'ரியர்டவுன்' ஓடாது. ஒன்றை மாற்றிய அடுத்த வரியிலேயே 'அட்கிளீனப்' போட்டால் எது நடந்தாலும் அது ஓடும்.

எப்போதாவது மட்டும் தோற்கும் சோதனைக்கு 'ஃபோரெவர்' தெரிவைக் கொடுத்துத் தோற்கும்வரை ஓடவிடுங்கள். கூடவே கோர்களின் எண்ணிக்கையைவிட அதிகமான வேலையாட்களைக் கொடுத்துக் கணினியைத் திணறவைத்தால் நேரப் பிழைகள் விரைவாக வெளிவரும். காரணம் அநேகமாக 'ஸ்லீப்' அழைப்புத்தான். தூங்கும் நேரத்தைக் கூட்டுவது தீர்வல்ல. திரெட்டுகள் ஒன்றுக்கொன்று சைகை காட்ட உதவும் இவென்ற் வைத்து, மற்றத் திரெட் தயாராகும்வரை காத்திருங்கள். போர்ட் எண்ணையும் நீங்களாகத் தெரிவு செய்யாமல் 0 கொடுத்து இயங்குதளத்திடம் விடுங்கள்.

எங்கள் நேரமும் எங்கள் எழுத்தும்

கிற்ஹப் அக்‌ஷன்ஸ் கணினிகள் (அனுப்பும் திருத்தங்களைத் தானாகச் சோதிப்பவை) யுரிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. யாழ்ப்பாணத்துக் கணினி 5:30 மணி முன்னால். உள்ளூர்த் தேதியையும் யுரிசி தேதியையும் ஒன்றென்று எண்ணி எழுதிய சோதனை அங்கே எப்போதும் தேறும். இங்கே நள்ளிரவு முதல் காலை 5:30 வரை மட்டும் தோற்கும். பகலில் ஓட்டிப் பார்ப்பவர் அதைக் காணமாட்டார்.

இன்னும் நல்ல சோதனைப் பொருள் 'ஏசியா/கொழும்பு' நேரவலயம். 2006 ஏப்ரல் 15 அன்று 0:30 மணிக்குக் கடிகாரம் 0:00 ஆகத் திருப்பப்பட்டது. +6:00 மறுபடி +5:30 ஆனது. ஆகவே அன்று 0:15 இரண்டு தடவை வந்தது. எந்தத் தடவை என்று சொல்லும் 'ஃபோல்ட்' 0 என்றால் யுரிசியில் 14ஆம் தேதி 18:15, 'ஃபோல்ட்' 1 என்றால் 18:45. 1996 மே 25 இலோ 0:00 நேரே 1:00 ஆனதால் 0:30 என்ற நேரமே இல்லை. கடிகாரம் எப்போதும் ஒரு மணிநேரமே நகரும் என்று எண்ணிய நிரலை 2006 தேதி பிடித்துவிடும். ஆனால் ஒன்று கவனியுங்கள்: ஒரே நேரவலயப் பொருளைக் கொண்ட இரு நேரங்களை ஒப்பிடும்போது பைதன் 'ஃபோல்ட்'டைப் பார்க்காது. 'அசேர்ட்ஈக்குவல்' மட்டும் போட்டால் தவறான விடையும் தேறும். 'ஃபோல்ட்'டையும் யுரிசி இடைவெளியையும் தனித்தனியே சரிபாருங்கள். விண்டோஸில் நேரவலயத் தரவு இயங்குதளத்தோடு வராது என்பதால் சோதனைக்கென்று வைத்த தரவுக் கோப்பையே பயன்படுத்துங்கள்.

எழுத்திலும் இப்படித்தான். 'யாழ்ப்பாணம்' நமக்கு 6 எழுத்து. யூனிகோட் குறியீடுகளை எண்ணும் பைதனின் 'லென்' 11 என்று சொல்லும். யுரிஎஃப்-8 இல் 33 பைற். 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீட்டாலும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாலும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஒப்பிட்டால் சமமில்லை, என்எஃப்சி என்ற யூனிகோட் சீர்வடிவம் ஆக்கினால் சமம். 'தமிழ்' என்பதற்கு, எல்லாம் எழுத்துகளா என்று பார்க்கும் 'இஸ்அல்ஃபா' பொய் என்கிறது, ஏனெனில் 'மி' இன் விசிறியும் 'ழ்' இன் புள்ளியும் யூனிகோட் வகைப்படி எழுத்துகள் அல்ல. ஆனாலும் மாறிப் பெயராக அது செல்லும். '௧௨' என்பதை 'இன்ற்' 12 ஆக்கும், பத்தைக் குறிக்கும் '௰' கொடுத்தால் வலூஎரர் வரும். இவை பைதனின் இன்றைய நடத்தை. சோதனையில் எழுதும்போது ஆவணம் உறுதியளிப்பதை மட்டும் உறுதிப்படுத்துங்கள். வழு என்று நினைப்பதை முதலில் இஷ்யூவாகப் பதியுங்கள். இல்லாவிட்டால் ஒரு குறைபாட்டைச் சோதனையே காவல் காக்கத் தொடங்கிவிடும்.

அனுப்புவதற்கு முன்

திருத்தத்தை நீக்கிவிட்டு உங்கள் சோதனையை ஓட்டுங்கள். அது தோற்கவேண்டும், நீங்கள் எதிர்பார்த்த வரியில், எதிர்பார்த்த காரணத்துக்காக. தேறினால் அது எதையும் சோதிக்கவில்லை.

நூலகத்துக்குச் சீ மொழி வடிவமும் பைதன் வடிவமும் இருந்தால் இரண்டையும் ஒரே சோதனைகளால் சோதிக்கவேண்டும். இது பைதனின் முன்மொழிவு ஆவணமான பெப் 399 இன் விதி. பொதுச் சோதனைகளை 'ரெஸ்ற்கேஸ்' இலிருந்து பெறாத ஒரு மிக்ஸினில் (மற்ற வகுப்புகள் பெறுவதற்கென்றே எழுதும் வகுப்பில்) வைத்து, இரண்டு வகுப்புகள் அதைப் பெறட்டும். மிக்ஸினே 'ரெஸ்ற்கேஸ்' ஆனால் அதுவும் தனியே ஓடி, மொடியூல் இல்லாமல் தோற்கும்.

சீ நிரலைத் தொட்டிருந்தால் பெரிய 'ஆர்' தெரிவில் 3:3 கொடுத்து ஓட்டுங்கள்: மூன்று சுற்று சூடேற்றல், மூன்று சுற்று அளவீடு. மூன்றிலும் பூச்சியமல்லாத ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் ரெஃபரன்ஸ் (பொருளைச் சுட்டும் தொடர்பு) விடுவிக்கப்படாமல் ஒழுகுகிறது. டிபக் கட்டுமானம் இல்லாமல் இதை அளக்க முடியாது. எந்த மெதட் என்று தெரியாவிட்டால் 'பைசெக்ற் கமாண்ட்' கருவி அதைப் பாதிபாதியாகக் குறைத்துத் தரும்.

புல் ரிக்வெஸ்ற்றை 'மெயின்' கிளைக்கே அனுப்புங்கள். பராமரிப்பிலுள்ள பழைய கிளைகளுக்கும் வேண்டுமென்றால் விவரணத்தில் கேளுங்கள். மையக் குழுவினர் லேபிள் போட்டதும் 'பொற்' எனும் தானியங்கி நிரல் அதைக் கொண்டுபோகும்.