ஆல்-மவுண்டன் ஸ்கீயை ஒப்பிடுவது எப்படி? ஆஃப்ரிஸ்கி சரிவிலிருந்து ஒரு செய்முறை

எல்லாவிதப் பனிக்கும் ஒரே ஜோடி என்று விற்கப்படும் பனிச்சறுக்குப் பலகையான ஆல்-மவுண்டன் ஸ்கீ பற்றி இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் கொலராடோவிலோ ஆல்ப்ஸ் அடிவாரத்திலோ குடியிருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அங்கே ஒரே மலையில் காடு, பள்ளத்தாக்கு, புதுப்பனி, சீர்செய்த சரிவு எல்லாம் உண்டு. நமக்கு நிலைமை வேறு. டர்பனிலும் ஜொஹானஸ்பர்க்கிலும் இருக்கும் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது லெசோத்தோவின் மலூட்டி மலைகளில் உள்ள பனிச்சறுக்குத் தலமான ஆஃப்ரிஸ்கி. 3,000 மீட்டருக்கு மேல், மஹ்லசேலா கணவாயை ஒட்டி, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு முக்கியச் சரிவு. அதில் கிடப்பதும் பெரும்பகுதி இயந்திரம் தூவிய பனி. ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் கடைசிவரை, அதாவது ஊரில் ஆடிக் கூழ் வார்க்கும் நாட்கள் முடிந்த கொஞ்ச நாளில், நம் சீசன் முடிந்துவிடுகிறது.

அதனால் ஒப்பீட்டை நான் தலைகீழாகத்தான் தொடங்கச் சொல்வேன். முதலில் பனி, அடுத்து நீங்கள் சறுக்கும் விதம், கடைசியில்தான் ஸ்கீயின் பெயர். ‘அண்ணா, எது நல்ல ஸ்கீ?’ என்று கேட்கும் ஜொஹானஸ்பர்க் லெனேசியாத் தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது ‘எந்தப் பனிக்கு?’ என்பதைத்தான்.

படி 1: உங்கள் பனியைத் தெரிந்துகொள்ளுங்கள்

இயந்திரப் பனி என்பது தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்துப் பீய்ச்சி, துளிகள் தரையில் விழுவதற்குள் உறையவைப்பது. மலூட்டியின் காற்று உலர்ந்தது. துளியின் ஒரு பகுதி ஆவியாகும்போது மீதியைக் குளிர்வித்துவிடும். அதனால் வெப்பமானி பூஜ்யத்தைச் சுற்றி நிற்கும் இரவுகளில்கூட அங்கே பனி செய்ய முடிகிறது. ஆனால் இப்படி உண்டாவது வானத்துப் பனியைப்போல ஆறு கைகள் விரித்த மெல்லிய படிகம் இல்லை, சிறிய உருண்டை ஐஸ். நெருக்கமாக அடைந்து, கனமாக, கெட்டியாகக் கிடக்கும். சீக்கிரம் உருகாது என்பதுதான் நமக்கு லாபம்.

இன்னொன்றும் உண்டு. நாம் ஏறத்தாழ 29 டிகிரி தெற்கு அட்சரேகையில் இருக்கிறோம். குளிர்காலத்திலும் மதிய வெயில் சுள்ளென்று அடிக்கும். இரவில் உறைந்து காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடியாக இருக்கும் அதே சரிவு, மதியம் இரண்டு மணிக்குக் கொழகொழவென்று ஆகிவிடும். ஒரே நாளில் இரண்டு விதப் பனி! ஸ்கீயைச் சோதிக்க இது எவ்வளவு வசதி என்பதைப் படி 7இல் சொல்கிறேன்.

இடையில் ஒரு எச்சரிக்கை. வடக்கு நோக்கிய சரிவில்தான் பனி நன்றாக நிற்கும் என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும். நம் பக்கத்தில் சூரியன் வடக்கே இருப்பதால் இங்கே நிழல் விழுவது தெற்கு நோக்கிய சரிவில்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். மேற்கு கேப்பில் செரெஸ் பக்கத்து மட்ரூஸ்பெர்க்கில் விழுவது இயற்கைப் பனி, வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. டிசம்பர் விடுமுறையில் ஆஸ்திரியா, பிரான்ஸ் போனால் சீர்செய்த சரிவுகளே அதிகம், விடிகாலையில் அவையும் கெட்டிதான். ஜப்பானின் ஹொக்கைடோவில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் முழங்கால் ஆழப் பொடிப்பனி. நியூசிலாந்தின் சீசன் நம்முடையதோடு ஒட்டியே வரும். அங்கே காற்று வீசி இறுக்கிய பனியையும் எதிர்பார்க்கவேண்டும்.

ஒரு தாளை எடுத்து, அடுத்த இரண்டு வருடத்தில் உண்மையாகவே எங்கே போவீர்கள் என்று எழுதுங்கள். ஆசைப்படும் இடத்தை எழுதாதீர்கள்.

படி 2: நீங்கள் எப்படிச் சறுக்குகிறீர்கள்?

இரண்டு ஸ்கீயின் முனைகளையும் ஒன்றுக்கொன்று நெருக்கி, ஆப்பு வடிவில் பிரேக் போட்டு இறங்கினால் நீங்கள் தொடக்கநிலை. இரண்டையும் இணையாக வைத்துத் திரும்ப முடிந்து, செங்குத்தான இடத்தில் மட்டும் பின்புறம் வழுக்கிப்போனால் இடைநிலை. திரும்பிய பிறகு பனியில் இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும் விழுந்தால் நீங்கள் எட்ஜில், அதாவது ஸ்கீயின் உலோக ஓரத்தில், வெட்டிப் போகிறீர்கள், அதைத்தான் கார்விங் என்கிறார்கள். கோட்டுக்குப் பதிலாக அகலமாகத் தேய்த்த தடம் விழுந்தால் அது வழுக்கல். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் விறைப்பான ஸ்கீ உங்களுக்கு இப்போது வேண்டாம் என்பதற்கு அந்தத் தடமே சாட்சி.

படி 3: ஸ்கீயின் மேல் இருக்கும் எண்களை வாசியுங்கள்

ஸ்கீயின் மேற்பரப்பில் 128-88-110 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும். முனை, இடுப்பு, வால் ஆகிய மூன்று இடங்களின் அகலம், மில்லிமீட்டரில். பக்கத்தில் 16 மீ. என்பதுபோல ஒன்று இருந்தால் அது திரும்பும் ஆரம். முனைக்கும் இடுப்புக்கும் வித்தியாசம் கூடக்கூட ஆரம் குறையும், ஸ்கீ சட்டென்று திரும்பும். 13 முதல் 15 மீட்டர் குறுகிய திருப்பத்துக்கு, 18க்கு மேல் நீண்ட வேகத் திருப்பத்துக்கு. நம் சரிவு நீளமும் அகலமும் குறைந்தது. 20 மீட்டர் ஆரம் கொண்ட ஸ்கீயை வைத்துக்கொண்டு அங்கே வார இறுதிக் கூட்டத்தில் திரும்ப இடம் தேடவேண்டியிருக்கும்.

இந்த எண்களில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் நடு எண்ணைப் பாருங்கள். ஆல்-மவுண்டன் என்ற பெயரில் 80 மி.மீ. இடுப்பும் விற்கிறது, 100 மி.மீ. இடுப்பும் விற்கிறது. இரண்டும் இரு வேறு ஜாதி.

கெட்டிப் பனியில் ஸ்கீயைச் சாய்த்து எட்ஜில் நிறுத்தும்போது, எட்ஜ் உங்கள் கால் எலும்புக்கு நேர்கீழே இருந்தால் அழுத்தம் நேராக இறங்கும். இடுப்பு அகலமானால் எட்ஜ் வெளியே தள்ளிப்போகிறது. அதைச் சாய்க்க முழங்காலும் கணுக்காலும் அதிகம் உழைக்கவேண்டும், ஒரு எட்ஜிலிருந்து மறு எட்ஜுக்கு மாறவும் நேரம் எடுக்கும். பொடிப்பனியில் கதை மாறிவிடும். பரப்பு அதிகமான ஸ்கீ அமிழாமல் மேலே நிற்கும். இயந்திரப் பனியில் அமிழ்வதற்கே வழியில்லாதபோது மிதக்கும் பரப்புக்கு ஏன் காசு கொடுக்கவேண்டும்?

ஆஃப்ரிஸ்கியும் ஐரோப்பாவும்தான் உங்கள் தாளில் இருக்கிறது என்றால் 78 முதல் 88 வரை பாருங்கள். நியூசிலாந்தும் சேர்ந்தால், சரிவை விட்டு ஒதுங்கிப் போகும் பழக்கமும் இருந்தால், 90 முதல் 98. ஹொக்கைடோ மட்டும் தனிக்கதை. அங்கே 105க்கு மேல் அகலமானதை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆறு கிலோ அளவுக்கு ஸ்கீயும், காலணியை அதோடு பிணைக்கும் பைண்டிங்குமாகச் சுமந்துபோய், தப்பான அகலத்தைக் காலில் மாட்டிக்கொண்டு நிற்பதில் அர்த்தமில்லை.

படி 4: கேம்பர், ராக்கர்

ஜோடியின் அடிப்பாகங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் அது கேம்பர். நீங்கள் ஏறி நின்றதும் அந்த வளைவு தட்டையாகி, எட்ஜ் முழு நீளத்துக்கும் பனியைக் கவ்வும். முனைக்குப் பக்கத்தில் இரண்டும் முன்கூட்டியே விலகிப் போனால் அது ராக்கர். கட்டுமரத்தின் மூக்கைப்போல முனை மேலே தூக்கியிருப்பதால் மென்பனியில் குத்தாது, திருப்பத்தைத் தொடங்குவதும் சுலபம்.

நடுவில் கேம்பர், முனையில் கொஞ்சம் ராக்கர், ஏறத்தாழத் தட்டையான வால்: நம் சூழலுக்கு இதுவே போதும். முனையும் வாலும் நன்றாக வளைந்து தூக்கியிருக்கும் ஸ்கீ காலை நேர ஐஸில் பாதி நீளம்தான் பனியைத் தொடும்.

படி 5: விறைப்பும் உலோகமும்

வாலைத் தரையில் ஊன்றி, முனையை ஒரு கையால் பிடித்து, நடுவை மற்றொரு கையால் அழுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று ஜோடியை இப்படி அழுத்தினால் வித்தியாசம் கைக்கே தெரிந்துவிடும். உள்ளே மரம், அதைச் சுற்றிக் கண்ணாடி இழை அல்லது கார்பன். விலை கூடியவற்றில் டைட்டனல் என்ற அலுமினியக் கலவைத் தகடும் இருக்கும். உலோகத்தின் வேலை அதிர்வை விழுங்குவது. கெட்டிப் பனியில் வேகமாகப் போகும்போது முனை படபடக்காது. அதற்கு விலையாக எடையும் பிடிவாதமும் வரும். மெதுவாகப் போகிறவன் சொல்வதை அது கேட்காது.

பெயர்கள் வேண்டுமென்றால் சில. நோர்டிகா என்ஃபோர்சர் வரிசை உலோகம் நிறைந்தது, நல்ல பலமும் பழக்கமும் உள்ளவர்களுக்கு. ஃபோல்கல் கெண்டோ 88, அதன் அண்ணன் மந்த்ரா 96, இரண்டிலும் டைட்டனல் சட்டகம் உண்டு. வேகமாகக் கார்விங் செய்கிற, ஆனால் நம் பனியிலேயே இருக்கிற ஒருவர் என்றால் நான் கெண்டோ பக்கம் கை காட்டுவேன். ஹெட் கோர் வரிசை கார்பனால் எடையைக் குறைத்தது. இலான் ரிப்ஸ்டிக்கில் ஒரு விசேஷம்: இடது ஸ்கீ வேறு, வலது ஸ்கீ வேறு. உள்பக்க எட்ஜில் கேம்பர் அதிகம், வெளிப்பக்கத்தில் ராக்கர் அதிகம். மாற்றிப் போடக்கூடாது. ரொசினியோல் எக்ஸ்பீரியன்ஸ் 82 போன்றவை தொடக்கநிலை தாண்டுகிறவர்களுக்குப் பொறுமையாக ஈடுகொடுக்கும். பெண்களுக்கென்று விற்கப்படுவதில் பிளிஸார்ட் பிளாக் பேர்ல் 88 பல வருடமாக நிலைத்த பெயர். எடை குறைந்த ஆண்களும் இந்தப் பிரிவைப் பார்க்கலாம், ஸ்கீக்கு உங்கள் எடைதான் தெரியும்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் அமைப்பைக் கம்பெனிகள் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகின்றன. விமர்சனம் படித்தால் அது எந்த வருடத்து மாடலைப் பற்றியது என்று பாருங்கள்.

படி 6: நீளம்

நிமிர்த்தி வைத்தால் தொடக்கநிலைக்கு முகவாய்க்கும் மூக்குக்கும் நடுவே, இடைநிலைக்கு மூக்கிலிருந்து நெற்றிவரை, அதற்கு மேல் போனவர்களுக்குத் தலை உயரம். ராக்கர் அதிகமானால் கொஞ்சம் நீளமாக எடுக்கலாம், உடல் எடை குறைவானால் கொஞ்சம் குட்டையாக. அவ்வளவுதான்.

படி 7: வாடகைக்கு எடுத்து, ஒரே நாளில் இரண்டு பனியில் சோதியுங்கள்

கடையில் நின்று செய்யும் ஒப்பீட்டை இந்தப் படி ஒரே நாளில் புரட்டிப்போடும். முடிந்தால் வார நாளில் போங்கள். பள்ளி விடுமுறையிலும் ஆகஸ்ட் 9 மகளிர் தினத்தை ஒட்டிய நாட்களிலும் லிஃப்ட் வரிசை நீளம், ஸ்கீயை மாற்றி மாற்றி எடுக்க நேரம் கிடைக்காது.

ஒரே ஸ்கீ காலணியோடு (பூட்) இரண்டு ஸ்கீயைச் சோதிக்கவேண்டும். ஒன்று 80க்கு அருகில், இன்னொன்று 95க்கு அருகில் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் ஜோடிகளில் இடுப்பு வித்தியாசம் அதிகமானதைப் பிடியுங்கள். எடுத்ததும் நகத்தின் முதுகை எட்ஜின் குறுக்கே மெல்ல இழுங்கள். நகத்தைக் கொஞ்சம் சுரண்டினால் எட்ஜ் கூராக இருக்கிறது. வழுக்கினால் வேறு ஜோடி கேளுங்கள். மழுங்கிய எட்ஜை வைத்து ஸ்கீயைக் குறை சொல்வது நியாயமில்லை.

காலையில், சரிவு இறுகியிருக்கும்போது, இரண்டிலும் இதே வரிசையில் செய்யுங்கள்: மெதுவாகக் குறுகிய திருப்பங்கள், பிறகு கொஞ்சம் வேகத்தில் நீண்ட திருப்பங்கள், கடைசியில் ஐஸ் பளபளக்கும் இடத்தில் பக்கவாட்டில் திரும்பி நிற்பது. நிற்கும்போது எது கவ்வுகிறது, எது சறுக்கிக்கொண்டே போகிறது என்று கவனியுங்கள். மதியம் பனி இளகியதும் அதே இரண்டையும் அதே வரிசையில் மறுபடி. காலையில் சொன்னபடி கேட்ட குறுகிய ஸ்கீ இப்போது குவியல்களில் முட்டித் தடுமாறலாம், அகலமானது அதன்மேல் ஏறிப் போகலாம். எந்த நேரத்தில் நீங்கள் அதிகம் சறுக்குகிறீர்களோ அந்த நேரத்துக்கு மதிப்பெண் கூடுதல். காலையிலேயே வந்து மதியம் கிளம்பும் கூட்டத்தில் நீங்களும் ஒருவர் என்றால் முடிவு கிட்டத்தட்ட எழுதியாகிவிட்டது.

ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் கைபேசியில் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள், கைபேசி உள்பாக்கெட்டில் இருக்கட்டும், குளிரில் பேட்டரி இறங்கிவிடும். கடைசி ஒரு மணி நேர இறக்கங்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். டர்பன் கடற்கரையிலிருந்து கிளம்பி வேன் ரீனன் கணவாய் ஏறி, காலெடன்ஸ்போர்ட் எல்லையைத் தாண்டி, மோடெங் கணவாய் வழியே 3,000 மீட்டருக்கு வந்து சேர்ந்த உடம்புக்கு மூச்சு வாங்கும், தலை வலிக்கும். களைத்த காலுக்கு எந்த ஸ்கீயும் கனம்தான்.

படி 8: பூட், பைண்டிங்

பட்ஜெட் இறுக்கமானால் முதலில் பூட் வாங்குங்கள், ஸ்கீயை வாடகைக்கு எடுங்கள். பொருந்தாத பூட்டில் எந்த ஸ்கீயும் ஒரு நொடி தாமதமாகத்தான் திரும்பும். பூட்டின் அடிப்பகுதி எந்த வகை என்று பாருங்கள். வளைந்த ரப்பர் அடி கொண்ட கிரிப்வாக் பூட்டுக்கு அதை ஏற்கும் பைண்டிங்தான் வேண்டும்.

பைண்டிங்கில் இருக்கும் பிரேக் கம்பியின் அகலம் ஸ்கீயின் இடுப்பைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கவேண்டும். 88 இடுப்புக்கு 90 அல்லது 95 பிரேக் சரி. 115 போட்டால் திரும்பும்போது பனியில் உரசும். பூட் எப்போது கழன்று விடுபடவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் டின் எண்ணை எடை, உயரம், வயது, பூட் அடி நீளம், சறுக்கும் வேகம் ஐந்தையும் வைத்து ஸ்கீ கடைத் தொழில்நுட்பர் கணக்கிடுவார். எடையையும் திறமையையும் அவரிடம் கூட்டியோ குறைத்தோ சொல்லாதீர்கள். நீங்களே திருகி வைக்கவும் வேண்டாம். அந்த எண் தவறினால் உடைவது முழங்கால்.

படி 9: பழைய ஸ்கீ வாங்கும்போது

இங்கே புது ஸ்கீ கடைகள் குறைவு என்பதால் பலரும் பழையதைத்தான் பார்க்கிறார்கள். அடிப்பாகத்தைத் திருப்பி எட்ஜின் தடிமனைப் பாருங்கள். பலமுறை தீட்டப்பட்டதில் அது கம்பி அளவுக்கு மெலிந்திருக்கும், அதை விட்டுவிடுங்கள். மேல் தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே விரிசல் தெரிந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கும். அடியில் மெழுகு காய்ந்து வெள்ளையாக இருந்தால் பயப்படவேண்டாம், சூடான மெழுகு தேய்த்தால் சரியாகும். கடைசியாகப் பைண்டிங்கின் மாடலைக் கேட்டு, அது இன்னும் தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று தொழில்நுட்பரிடம் விசாரித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பட்டியலில் இல்லாததைப் பல கடைகள் தொடவே மாட்டா. அப்போது புதுப் பைண்டிங்கின் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேசவேண்டும்.